செவ்வாய்க்கிழமை விமானம்

அப்துல் அலீமை மெட்ராஸுக்கு வழியனுப்ப வீட்டோடு எல்லாரும் பாயா லேபார் விமான நிலையத்துக்குப் போயிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, அக்டோபர் மாதம். அலீம், ருக்கையாவின் கணவர் முகம்மது யூசுப்புக்குத் தம்பி. சிராங்கூன் ரோட்டில் அண்ணன் நடத்தும் கைலிக் கடைக்குச் சரக்குப் பிடிக்க வருஷம் ஒரு தடவை ஊருக்குப் போய்வருகிறவன். இதுவரை கப்பலில்தான் போனான். கப்பலில் வாந்தி எடுத்தே பாதி உயிர் போய்விடுகிறது என்று இந்தத் தடவை அடம்பிடித்து விமானத்தில் ஏறினான்.

ருக்கையா விமான நிலையத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மாடியில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் இருவரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். சரியாக ஒன்பது மணிக்கு விமானம் ஓடி எழும்பியது. இரைச்சல் தாங்காமல் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். ருக்கையா கொழுந்தனுக்காக மனதுக்குள் துஆ ஓதினாள். இரண்டு பகல், இரண்டு ராத்திரி வானத்திலேயே கிடக்கப் போகிறானே, இவன் எங்கே காலை நீட்டிப் படுப்பான் என்றுகூட நினைத்துக் கவலைப்பட்டாள்.

வீட்டுக்கு வந்து சோறாக்கி, பிள்ளைகளுக்குப் போட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாள். கடைக்கு மேல்மாடிதான் வீடு. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் யூசுப் தேநீர் குடிக்கப் படியேறி வந்தார். கையில் ஒரு தந்தி.

"அலீம் அடிச்சிருக்கான். சுகமாப் போய்ச் சேர்ந்துட்டானாம். பதினோரு மணிக்கு எறங்கிட்டான்" என்றார்.

ருக்கையா தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். "என்னைக்குப் பதினோரு மணிக்கு?" என்று கேட்டாள்.

"இன்னைக்குத்தான்."

அவள் கை நின்றது. யூசுப் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தந்தியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இது ஜெட்டு விமானம். இப்ப வந்ததுதான். அப்பல்லாம் இது கிடையாது."

அப்போது எப்படி என்று அவள் கேட்கவே இல்லை. அவராகத்தான் சொன்னார். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லி இறங்கிப் போனார். போகிற வேகத்தில் கடைசிப் படியில் கால் தவறி, சுவரைப் பிடித்துக்கொண்ட சத்தம் மேலே கேட்டது.

ருக்கையா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், நாகூரிலிருந்து அவளுக்கு ஒரு தந்தி வந்தது. உம்மாவுக்குக் கடுமை, உடனே வா என்று அவளுடைய லாத்தா, மூத்தவள் ஆமினா பீவி, அடிக்கச் சொன்ன தந்தி. யூசுப்தான் வாசித்துச் சொன்னார். விமானத்தில் போகலாமா என்று அவள்தான் முதலில் கேட்டாள். அதற்கு அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருந்தது. மெட்ராஸுக்கு வாரத்தில் ஒரே ஒரு விமானம்தான். அது சனிக்கிழமை போகும். இந்த வாரத்து விமானம் முந்தாநாள் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை ஏறினாலும் அது நாலைந்து ஊரில் இறங்கி இறங்கி, மெட்ராஸ் போய்ச் சேர இரண்டு பகல் இரண்டு ராத்திரி ஆகும். அதற்கப்புறம் ரயில். "நீ போய் எறங்கும்போது அடக்கம் முடிஞ்சு மூணாம் ஃபாத்திஹாவும் ஓதியிருப்பாங்க. இங்கேயே உக்காந்து துஆ செய். அல்லாஹ் லேசாக்குவான்" என்றார்.

அவள் நம்பினாள். ஐம்பத்தைந்தில் அவள் வந்த கப்பலுக்கு ஏழு நாள் ஆனது. ஏழு நாள் தூரத்தை இரண்டு நாளில் கடப்பதே அவளுக்குப் பெரிய அதிசயமாகத்தான் பட்டது. அதற்குமேல் ஒன்று இருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. பாயை விரித்து உட்கார்ந்து ஓதினாள். சனிக்கிழமை காலையில் உம்மா மௌத்தானார். இரண்டாவது தந்தி அன்று சாயங்காலம் வந்தது.

பிறகு லாத்தாவிடமிருந்து ஒரே ஒரு கடிதம். 'உம்மா ஐந்து நாள் இருந்தாங்க. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் ருக்கையாவா என்று கேட்டாங்க. நீ வரவில்லை. இனி நீ வந்தும் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.' அதோடு சரி. ருக்கையா பெருநாளுக்குப் பெருநாள் எழுதினாள். பதில் கிடையாது. லாத்தாவின் மனம் கல்லாகிவிட்டது என்று அழுதிருக்கிறாள். அப்போதெல்லாம் யூசுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "விடு, ருக்கையா, காலம்தான் ஆத்தணும்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். இப்போது அதை நினைத்தபோது அழுகை இல்லை. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மீன் வாங்கத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டவள், மார்க்கெட்டைத் தாண்டி நடந்து பஸ் ஏறினாள். தனியாக அவள் பஸ் ஏறியதில்லை. விமானக் கம்பெனி ஆபீஸ் எங்கே என்று கண்டக்டரிடம் மலாயில் கேட்டாள். அவர் ராஃபிள்ஸ் பிளேஸுக்குப் பக்கத்தில் இறக்கி, கையைக் காட்டிவிட்டுப் போனார். கண்ணாடிக் கதவு. உள்ளே சுவர் முழுக்க ஒரு தேசப்படம், ஊருக்கு ஊர் சிவப்புக் கோடு. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மேசைக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா எழுந்து வந்து, தமிழா என்று கேட்டு, நாற்காலி போட்டார். பாலகிருஷ்ணன் என்று மேசையில் பலகை இருந்தது. அவரே பேரைச் சொன்னார்.

மெட்ராஸ் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். சுமார் ஆயிரத்து எண்ணூறு மைல் என்றார். எத்தனை மணி நேரம் என்று கேட்டாள். நாலு மணி நேரம் என்றார். நேற்று ஒன்பது மணிக்குக் கிளம்பிய ஆள் பதினோரு மணிக்கே இறங்கினதாகத் தந்தி வந்ததே என்று அவள் சொன்னதும் அவர் சிரித்தார். இங்கே கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அங்கே பதினொன்று என்றால் இங்கே ஒரு மணி என்று விளக்கினார். "அதிசயமெல்லாம் இல்லைம்மா. நாலு மணி நேரம். அவ்வளவுதான்லா" என்றார்.

"ஐம்பத்தெட்டுல?"

அவருக்கு விளங்கவில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆகஸ்ட் மாதம், இரண்டாவது வாரம் என்று அவள் திருத்தமாகச் சொன்னாள். அந்த வாரத்தில் மெட்ராஸுக்கு எந்தெந்தக் கிழமை விமானம் போனது, எத்தனை மணி நேரம் ஆனது. பாலகிருஷ்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். எதற்கு என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. பின்னறைக்குப் போய் அலமாரியைக் கிளறுகிற சத்தம் வெகுநேரம் வந்தது. தூசி தட்டிய ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்தார்.

அந்த வருஷம் வாரத்துக்கு இரண்டு விமானம். செவ்வாய் காலை எட்டு மணிக்கு ஒன்று, வெள்ளி காலை எட்டு மணிக்கு ஒன்று. அப்போது இறக்கையில் விசிறி சுற்றுகிற பழைய விமானம். ஏழு மணி நேரம் பிடிக்கும். வழியில் எங்கும் இறங்காது. மெட்ராஸ் கடிகாரப்படி மத்தியானம் ஒரு மணிக்குப் போய்விடும்.

இடம் கிடைத்திருக்குமா என்று கேட்டாள். அந்த நாளில் பாதி இருக்கை காலியாகத்தான் போகும் என்றார். காகிதங்கள்? பாஸ்போர்ட் கையில் இருந்தால், உடனே வா என்று வந்த தந்தியைக் காட்டினால், திரும்பி வருவதற்கான அனுமதியை அன்றைக்கே வாங்கிவிடலாம். தானே இரண்டு பேருக்கு அலைந்து வாங்கிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அவளுடைய பாஸ்போர்ட் யூசுப்பின் இரும்புப் பெட்டியில் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

"இதைத் தமிழ்ல எழுதிக் குடுங்க" என்றாள். அவர் கம்பெனிக் காகிதத்தில் கிழமை, நேரம், தூரம் எல்லாம் எழுதி, கேட்காமலே கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது அவள் விரல் விட்டு எண்ணினாள். திங்கள் மத்தியானம் தந்தி. செவ்வாய் காலை விமானம். செவ்வாய் மத்தியானம் மெட்ராஸ். அன்று ராத்திரியே எழும்பூரில் ரயில் ஏறினால் புதன்கிழமை காலையில் நாகூர். புதன், வியாழன், வெள்ளி. முழுசாக மூன்று நாள். மூன்று நாள் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், வாயில் தண்ணீர் விட்டிருக்கலாம். செவ்வாய் தவறியிருந்தால்கூட வெள்ளிக்கிழமை விமானம் இருந்தது. அதில் போயிருந்தாலும் சனிக்கிழமை காலை முகத்தையாவது பார்த்திருக்கலாம். ஒரு கதவை அல்ல, இரண்டு கதவையும் அவர் சாத்தியிருக்கிறார்.

சிராங்கூன் ரோட்டில் இறங்கியபோது மத்தியான வெயில் கண்ணைக் குத்தியது. வழக்கமாக அவள் பின்பக்கத்து வழியாகத்தான் மாடிக்குப் போவாள். முன்பக்கம் கடை, ஆண்கள் புழங்குகிற இடம். அன்றைக்கு ஐந்தடி நடைபாதையில் நடந்து, தொங்குகிற கைலிகளை ஒதுக்கிக்கொண்டு நேராகக் கடைக்குள் நுழைந்தாள். இரண்டு மலாய்ப் பெண்கள் கைலி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடையில் வேலை பார்க்கும் முகைதீன் துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைப் பரமசிவம் பேப்பர் படிக்க வந்தவர், ஸ்டூலில் இருந்தார். யூசுப் தலையைத் தூக்கினார்.

ருக்கையா காகிதத்தை அவருக்கு முன்னால் வைத்தாள். "படிங்க."

படித்தார். முகம் வெளுத்தது. "மேல போ. வந்து பேசுறேன்" என்றார் மெதுவாக.

"மேல நாலு வருஷம் இருந்துட்டேன். இங்கேயே பேசுங்க."

பரமசிவம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நழுவினார். மலாய்ப் பெண்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் துணியைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். முகைதீன் எங்கே போவது என்று தெரியாமல் அலமாரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"வாரத்துக்கு ஒண்ணுன்னு சொன்னீங்க. சனிக்கிழமைன்னு சொன்னீங்க. ரெண்டு பகல் ரெண்டு ராத்திரின்னு சொன்னீங்க. இதுல எது தெரியாமச் சொன்னது, எது தெரிஞ்சு சொன்னது?"

தன்னிடம் யாரோ அப்படிச் சொன்னார்கள் என்றார் யூசுப். யார் என்று கேட்டாள். அவர் வாயில் ஒரு பேரும் வரவில்லை. பிறகு காகிதங்கள் கிடைத்திருக்காது என்றார். கிடைத்திருக்கும், விசாரித்துவிட்டேன் என்றாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி என்றார். கைக்குழந்தையோடு ஏழு நாள் கப்பலில் வந்த பெண்கள் இந்தத் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள் என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யூசுப்புக்குக் கோபம் வந்தது. தன் கடையில், தன் ஆட்களுக்கு முன்னால், பெண்டாட்டி தன்னைக் கூண்டில் ஏற்றுவதா என்று மேசையை ஓங்கி அடித்தார்.

"உனக்கு என்ன குறை வச்சேன்? ஒரு நாள் கை நீட்டியிருக்கேனா? ஒரு சொல் கேவலமாச் சொல்லியிருக்கேனா?"

அது உண்மைதான். அதுதான் அவளை மேலும் எரித்தது. கெட்டவனாக இருந்திருந்தால் அவள் அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பாள்.

"இல்ல. அதனாலதான் நம்பினேன். சொல்லுங்க, ஏன்?"

அவர் அவிழ்ந்து கிடந்த ஒரு கைலியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். ஓரம் பொருந்தவே இல்லை. கடைசியில் துணியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"கல்யாணம் முடிச்சு ஆறு வருஷம் உன்னை அனுப்ப மாட்டேன்னு வச்சிருந்தவங்க உன் உம்மா. கடலைத் தாண்ட விடமாட்டேன்னு சொன்னவங்க. நான் இங்க ஒத்தையாப் பொங்கித் தின்னுக்கிட்டுக் கிடந்தேன். சாகக் கிடக்கும்போது உன் கையைப் பிடிச்சுப் 'போகாதே'ன்னு ஒரு சொல் கேட்டிருந்தா, நீ மறுத்திருப்பியா? அங்கேயே இருந்திருப்பே. பிள்ளைங்களும் அங்கேயே இருந்திருக்கும். அதுக்குப் பயந்தேன்."

முகைதீனின் முதுகு அசையவில்லை. ருக்கையா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மா என்கிட்ட என்ன கேட்டிருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்னும் உங்களுக்குத் தெரியும். எங்களை ஒரு வார்த்தை பேசவிடாம, ரெண்டு பேருக்கும் நீங்களே பேசி முடிச்சுட்டீங்க."

அவர் மன்னித்துவிடு என்றார். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, தன் பாஸ்போர்ட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, மறுபடியும் முன்வாசல் வழியாகவே வெளியேறி, சுற்றிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அன்றிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நடந்ததை அவர் தன் கையால் ஆமினா லாத்தாவுக்கு எழுத வேண்டும். இரண்டு நாள் கழித்து யூசுப் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். 'அக்காலத்தில் விமானப் போக்குவரத்து பற்றிய சரியான விவரம் கிடைக்காத காரணத்தால்' என்று ஆரம்பித்திருந்தது. அவள் அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அடுத்ததில், ருக்கையாவின் உடல்நிலையையும் குழந்தையின் உடல்நிலையையும் உத்தேசித்து என்று வந்தது. அதையும் கிழித்தாள். "'நான் பொய் சொன்னேன்.' மூணு சொல். அது இதுல எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. வீட்டுக்குள் தட்டு வைக்கிற சத்தம்கூட வேறு மாதிரி கேட்டது. பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டன. ஊரிலிருந்து திரும்பி வந்த அலீம், அண்ணனுக்காகப் பரிந்து பேச மாடிக்கு வந்தான். அண்ணன் உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கிறார் மச்சி, அதனால் செய்துவிட்டார் என்று அண்ணியிடம் சொன்னான். "அப்ப உனக்கும் தெரியும்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தெரியும்தான். நாலு வருஷமாக அவளைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஒருவனுக்கும் இது தெரியும். அவனையும் அன்றோடு அவள் தள்ளி வைத்தாள்.

பதினோராவது நாள் யூசுப் சின்னக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். இருபது வரிகூட இல்லை. 'விமானம் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் இருந்தது எனக்குத் தெரியும். ருக்கையா போக வேண்டும் என்று கேட்டாள். நான் பொய் சொன்னேன். இப்போது அவளே கம்பெனி ஆபீஸில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் மேல் குற்றம் இல்லை.' படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காமல் அவளே நீல உறையில் போட்டு ஒட்டி, அவளே போய் விமானத் தபாலில் சேர்த்தாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. உறையில் அவள் பேர்தான் இருந்தது. நாலு வருஷத்துக்கு அப்புறம் லாத்தாவின் கையெழுத்து. கடிதத்தை எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போய் நின்று படித்தாள்.

'உன் மாப்பிள்ளை எழுதியதைப் படித்தேன். அவர் செய்தது அநியாயம். அல்லாஹ்விடம் அவர் பதில் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சிங்கப்பூரில் அன்றைக்கு அவர் ஒருத்தர்தான் இருந்தாரா? மாடிப்படி இறங்கி, தெருவில் போகிற யாரையாவது ஒருத்தரை நிறுத்தி, மெட்ராஸுக்கு விமானம் எப்போது என்று உன்னால் கேட்க முடியாதா? நாலு வருஷம் கழித்துப் போய்க் கேட்ட ஆபீஸ் அன்றைக்கும் அங்கேதானே இருந்திருக்கும்? உம்மா உன்னிடம் என்னவோ சொல்ல வேண்டும் என்று இருந்தாங்க. என்னிடம் சொல்லுங்க, நான் எழுதுகிறேன் என்றேன். அவள் வரட்டும், அவளிடம் சொல்கிறேன் என்றாங்க. கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அது மனசில் கிடந்து அறுக்கிறது.'

ருக்கையாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்கு என்ன தெரியும், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு பாஷை தெரியாத ஊரில் நான் இருந்த இருப்பு இவளுக்கு என்ன தெரியும் என்று அடுப்படியில் தனியாகச் சத்தம் போட்டுப் பேசினாள். பதில் எழுதக் காகிதத்தை எடுத்து, 'லாத்தா, நீ என் இடத்தில் இருந்திருந்தால்' என்று ஆரம்பித்தாள். மேலே ஓடவில்லை. லாத்தா அந்த இடத்தில் இருந்திருந்தால் படி இறங்கிப் போய்க் கேட்டிருப்பாள். அது ருக்கையாவுக்குத் தெரியும். இரண்டு நாள் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் யூசுப்பிடம் போய் நின்றாள். ஒரு மாதத்துக்கு அப்புறம் அவளாக அவரிடம் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

"நான் ஊருக்குப் போகணும். டிக்கெட் நீங்கதான் எடுக்கணும். ராஃபிள்ஸ் பிளேஸ்ல பாலகிருஷ்ணன்னு ஒருத்தர் இருக்கார். அவர்கிட்டப் போய், மெட்ராஸுக்கு எத்தனை மணி நேரம்னு உங்க வாயால கேட்டு எடுத்துட்டு வாங்க."

அவர் போனார். கேட்டாரோ என்னவோ, அவள் விசாரிக்கவில்லை. டிக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் முகம் சுருங்கிக் கிடந்தது. போகும் தேதி டிசம்பர் மாதத்தில் ஒரு புதன்கிழமை. திரும்பும் தேதி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். பிள்ளைகளை முகைதீனின் மனைவி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கிளம்புகிற அன்று காலை, பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே யூசுப் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"திரும்பி வருவேல்ல?"

பிள்ளைகளை விட்டுவிட்டு அவளால் இருக்க முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் கொஞ்ச நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்று நினைத்தாள். கையை நீட்டிக் கயிற்றின் முடிச்சை அவளே இறுக்கினாள்.

விமானத்தில் அவளுக்குக் குமட்டவில்லை, பயமும் இல்லை. ஒரு பெண் தட்டில் சாப்பாடு கொண்டுவந்தாள். அதைத் தின்று முடித்து, கொஞ்ச நேரம் கண் மூடி எழுந்தால், மெட்ராஸ் வந்துவிட்டது என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் சொன்னார்கள். இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. வீட்டில் ஒரு பிரியாணிக்கு அடுப்பு மூட்டி இறக்குவதற்குக்கூட இதைவிடக் கொஞ்சம்தான் குறைவாக ஆகும். இறங்கும்போது படியில் நின்ற அந்தப் பெண் கைகூப்பியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. எழும்பூரிலிருந்து நாகூர் போகிற ரயிலில்தான் உண்மையிலேயே நேரம் போகவில்லை.

மறுநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டி வாசலில் நின்றதும் ஆமினா பீவி வெளியே வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. தங்கையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"உள்ள வா, நனையாதே" என்றாள். அணைத்துக்கொள்ளவில்லை.

உள்ளே போய் முகம் கழுவி உட்கார்ந்ததுமே சண்டை ஆரம்பித்தது. எழுதினாயே, என்னைப் பார்த்து அப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது என்று ருக்கையா கேட்டாள். நாலு வருஷம் ஒரு வரி போட்டாயா, நான் செத்தேனா பிழைத்தேனா என்று கேட்டாயா என்றாள். ஆமினா விடவில்லை. மையித்தைக் குளிப்பாட்டும்போது மகள் ஒருத்திதானா, இன்னொருத்தி எங்கே என்று வந்தவர்கள் கேட்டார்கள். நான் என்ன சொல்ல என்றாள். வெள்ளிக்கிழமை ராத்திரி உம்மா கண்ணைத் திறக்காமலே உன் பேரைச் சொன்னதை நான்தானே கேட்டேன், நீயா கேட்டாய் என்றாள். பக்கத்து வீட்டில் சன்னல் திறந்தது. இருவரும் கவலைப்படவில்லை. மழை வலுத்து, ஓட்டிலிருந்து தண்ணீர் முற்றத்தில் கொட்டியது. அதற்கு மேலே குரலை உயர்த்திப் பேசினார்கள். மீன்காரி வந்து வாசலில் கூடையை இறக்கி, இரண்டு தடவை கூப்பிட்டும் யாரும் திரும்பாததால் கானாங்கெளுத்தியைத் தட்டில் எண்ணி வைத்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டாள்.

கடைசியில் ருக்கையாவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"கேக்கல, லாத்தா" என்றாள். "யாரையும் கேக்கல. கேக்கணும்னே எனக்குத் தோணல."

ஆமினா பீவி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதுதாண்டி எனக்கு ஆறல."

"எனக்கும் ஆறல."

 ஆமினா போய் மீன் தட்டை எடுத்து வந்தாள். ஒரு அரிவாள்மனையைத் தான் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் காலால் தங்கை பக்கம் தள்ளினாள். ருக்கையா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, செதில் நாலாபுறமும் தெறிக்க மீனை ஆய்ந்து முடித்தார்கள்.